கேஸ் குறையவில்லை

சிம்மக்கல், பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்திலிருந்து
பதினொன்றரைக்குப் போன்:
"ஏசியில கூலிங் இல்ல. பசங்க தூங்குறாங்க."

அக்னி நட்சத்திரம் பிறந்து நாலாம் நாள்.
ஏணியை ஒச்சப்பன் தூக்கிக்கொண்டான்,
கேஜ் செட் என் தோளில்.
படியேறும்போதே எண்ணத் தொடங்கிவிடுவேன், தொழில் புத்தி:
வாசலில் நூற்றுப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு,
ஓர் ஒற்றை.

உட்கார்ந்து படிக்கிற ஆள்
ஏறக்குறைய நூறு வாட் பல்பு.
அத்தனை பல்பும் உள்ளே எரிகின்றன
தலை கவிழ்ந்து.

இரண்டு டன் மெஷின் நான்கு.
காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரை நீட்டினேன்: பதின்மூன்று.
திரும்பிப் போகும் வழியில்: இருபத்தைந்து.
மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஞானதுரை சார் நம்பவில்லை.
"எதுக்கும் கேஸ் அடிச்சுவிட்ருங்க."
எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்,
தலைவலிக்கு டீ சொல்வதுபோல.

சார், கேஸ் செலவாகிற சாமான் இல்லை.
ஓட்டை விழாதவரை அதே கேஸ்தான்
உள்ளே சூட்டைக் குடித்து
மொட்டைமாடியில் போய்த் துப்பிவிட்டு
வெறும் வாயோடு திரும்பிவரும்.
குளிர் என்று ஒன்றை நாங்கள் செய்வதே கிடையாது.
இங்கிருக்கும் சூட்டை அங்கே வைக்கிறோம்.
அங்கே துணி காயப்போடுகிற பக்கத்து வீட்டுக்காரம்மா
எங்களைத் திட்டுவது நியாயம்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே
எனக்குக் கொட்டாவி வந்தது.
ஏணி மேலிருந்த ஒச்சப்பனுக்கும்.

முதல் வரிசையில் ஒரு பெண்,
நோட்டில் பெயர் வைரச்சிலை,
தூங்காமலிருக்கத் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தாள்.
மூன்று முறை குரூப் ஃபோர் எழுதிவிட்டாளாம்.
"மண்டையில ஏறல" என்றார் சார்,
அவள் காதில் விழும்படி.

பையிலிருந்து சின்ன மீட்டரை எடுத்து
அவள் மேசையில் வைத்தேன்.
வரும்போது ரோட்டில், பஸ் புகையோடு சேர்த்தே
நானூற்று நாற்பது காட்டியது.
இங்கே
மூவாயிரத்து நானூறு.

ஜன்னல் இடுக்கெல்லாம் பிரவுன் டேப்.
எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே என்றேன்.
யாருக்கும் தெரியவில்லை.
சுவரைத் தட்டிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் சுவர் டொக்கென்றது:
பெரிய போஸ்டர்,
'விழித்திருப்பவனுக்கே வேலை',
அதன் பின்னால் தெர்மாகோல்,
தெர்மாகோலுக்குப் பின்னால்
றெக்கையில் ஒட்டடையோடு ஃபேன்.

"அதத் தொறந்தா குளிர் போயிருமே,
கரண்டு பில் ஏறுமே."
ஏறும் சார். இல்லையென்று சொல்லமாட்டேன்.
பதினெட்டில் வைத்ததை இருபத்தாறுக்குத் தள்ளுங்கள்,
தலைக்கு மேலே சீலிங் ஃபேனை ஓடவிடுங்கள்,
பாதிக்குப் பாதி சரியாகும்.
மிச்சப் பாதி
இவர்கள் மூச்சுவிடுவதற்கான செலவு.

ஃபேன் முனகி, இருமி, சுற்றியது.
போக வழி வந்தால் போதாது, வரவும் வழி வேண்டும்;
கிழக்கு ஜன்னலில் ஒருசாண் டேப்பைப் பிய்த்தேன்.
ஈயம் பூசும் வாசனை வந்தது,
கீழ்க்கடை வெங்காய வடை வந்தது,
ஒரு மினிபஸ்ஸின் ஹாரன்
முழுசாக வந்தது.

இரண்டாயிரத்து எழுநூறு.
ஆயிரத்து எண்ணூறு.
ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது;
யாரும் எழுப்பவில்லை.

"அக்கா, அது என்ன நம்பர்?"
"நீங்க எல்லாரும் விட்ட மூச்சு.
வெளியே போக வழியில்லாம
உங்களுக்கே திரும்பத் திரும்ப வந்திருக்கு."
வைரச்சிலை நோட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டாள்:
கரியமில வாயு, 3400.
"இது பரீட்சைக்கு வருமா?"
தெரியலம்மா.

அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீது கிழித்தேன்.
சார் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
"ஒண்ணுமே ரிப்பேர் பண்ணலையேம்மா?"

இறங்கும்போது, பழக்கதோஷம்,
மறுபடி எண்ணினேன்.
அந்த ஒற்றைச் செருப்பு
அப்படியேதான் கிடந்தது.